அம்மைப்பால் வேண்டாம் என்று சுவர் ஏறியவள்

முதலில் வந்தது இடுப்பு வலிதான். பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணியில் ஓர் அரிசி மில்லின் களத்தில் புழுங்கல் நெல்லைக் காயவைத்துக் கிளறுவது என் வேலை. அன்று காலை குனிந்தவளால் நிமிர முடியவில்லை. இடுப்பில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. மதியத்துக்குள் காய்ச்சல் கொதித்தது. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தாறு வயது. பெயர் கன்னியம்மாள். ஐந்தாவது வரை படித்தவள் என்பதால் களத்துப் பெண்கள் என் பேச்சைக் கேட்பார்கள். அதில் எனக்குக் கர்வமும் உண்டு. அந்தக் கர்வம் செய்த கெடுதலையும் பிறகு செய்த நல்லதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஊசிக்குப் பயந்து நிற்கிறவர்களும், பிடித்துக் கட்டியாவது போட வேண்டும் என்று கோபப்படுகிறவர்களும் படிக்கட்டும்.

காய்ச்சலுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு, பக்கத்து ஊரில் பெரியம்மை (வைசூரி) கண்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஹெல்த் இன்ஸ்பெக்டர் மில்லுக்கு வந்தார். எல்லோருக்கும் அம்மைப்பால் (பெரியம்மை வராமல் தடுக்கும் மருந்து, கையில் கீறி ஏற்றுவார்கள்) குத்த வேண்டும், இது சட்டம் என்றார். கூடவே ஒரு போலீஸ்காரர். மேஸ்திரி களத்துக் கதவைச் சாத்தினார். ஒவ்வொரு பெண்ணையும் இரண்டு ஆண்கள் தோளில் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, பல் வைத்த வட்டக் கருவியைக் கையில் வைத்துத் திருகினார்கள்.

முந்தின வருஷம் அப்படித் திருகிய இடம் சீழ் பிடித்து ஒருத்தி பதினைந்து நாள் முறம் தூக்க முடியாமல் கிடந்தாள். அவளை ஒருவரும் வந்து பார்க்கவில்லை. அதை நான் மறக்கவில்லை.

என் முறை வந்தபோது போலீஸ்காரர் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். உதறிக்கொண்டு ஓடிப் பின்பக்கச் சுவரில் ஏறினேன். ஏறும்போதே, “ஜைத்தூன், நீயும் வாடி!” என்று கத்தினேன். ஜைத்தூன் பழவேற்காட்டில் பிறந்து ஆரணிக்கு வாழ வந்தவள். என் பக்கத்து வீடு, என்னோடு களத்தில் நிற்பவள். நான் சொன்னேன் என்று அவளும் குதித்தாள். அன்று மாலை வரை இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம். இன்ஸ்பெக்டர் என் பெயரைக் குறித்துக்கொண்டு போனது பிறகுதான் தெரிந்தது.

எனக்கு நோய் எங்கே தொற்றியது என்று தெரியாது. காய்ச்சலில் கிடந்த மூன்று நாளும் ஜைத்தூன்தான் கஞ்சி ஊற்றினாள், முகம் துடைத்தாள். நான்காம் நாள் காலையில் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

“இன்னாமே, மூஞ்செல்லாம் முத்து முத்தா கீது?”

செய்தி போய் இன்ஸ்பெக்டர் வந்தார். வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் அம்மைப்பாலுக்குக் கையை நீட்டினார். நோயாளியோடு பழகியவர்களுக்குச் சில நாளுக்குள் குத்திவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம் என்று இன்ஸ்பெக்டர் சொன்னது என் காதில் விழுந்தது. அடுத்து அவர் ஜைத்தூன் வீட்டுக் கதவைத் தட்டினார். தெருமுனையில் அதே போலீஸ்காரர் நின்றிருந்தார். ஜைத்தூன் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவள் ஊரில் இல்லை என்று அவள் கணவர் பொய் சொல்லி அனுப்பிவிட்டார்.

என்னை ஊருக்கு வெளியே தனிமைக் கொட்டகையில் (தொற்று நோயாளிகளைப் பிரித்து வைக்கும் இடம்) சேர்த்தார்கள். துணி தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் வாழை இலையில் படுக்கை. முத்துக்கள் சீழ் கொண்டன. இமை திறக்கவில்லை. எச்சில் விழுங்குவது ஒரு பெரிய வேலையாக இருந்தது. காலை, மாலை என்பது போய், இலை மாற்றும் நேரம், மாற்றாத நேரம் என்று இரண்டுதான் மிஞ்சின.

டாக்டர் வயதானவர். அதட்டாமல் பேசுவார்.

“இதுக்கு மருந்து கெடையாதாம்மா?” என்று கேட்டேன்.

“வந்த பிறகு கிடையாது. வராமல் தடுக்கத்தான் இருக்கு. நீ ஏன் போட்டுக்கல?”

“மாட்டைப் புடிக்கிற மாதிரி புடிச்சாங்கோ.”

“பிடிச்சது தப்பு. நீ போட்டுக்காததும் தப்பு. கை உன்னுடையதுதான். ஆனா உனக்கு வந்த நோய் உன்னோட நிக்காதே” என்றார்.

நோய் என்னோடு நிற்கவில்லை. என் புண்கள் பொருக்குத் தட்டத் தொடங்கிய வாரத்தில் ஜைத்தூனைத் தூக்கிவந்தார்கள்.

ஒருமுறை வந்தவளுக்கு மறுபடி வராது என்று டாக்டர் சொன்னதால், அவளை நானே பார்த்துக்கொண்டேன். இலை மாற்றினேன். வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். என் உள்ளங்கையில் இருந்த கடைசிப் பொருக்குகள் உதிர்ந்து, எனக்கு வீட்டுக்குப் போக அனுமதி கிடைத்தும் நான் போகவில்லை. அவள் பிழைத்தாள். வலது கண் போய்விட்டது.

“என்னாலதானேடி?” என்று ஒருநாள் கேட்டேன்.

அவள் நேராகவே சொன்னாள். “செவுரு ஏறச் சொன்னது நீதான். அதை இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் போலீசு தெருமுனையில நிக்கலைன்னா, அன்னிக்கி நானே கையக் காட்டியிருப்பேன் கன்னி.”

அவள் சொன்ன இந்த இரண்டையும் நான் பிரித்துப் பார்த்ததே இல்லை.

ஊர் திரும்பியதும் சம்மன் வந்திருந்தது. அம்மைப்பால் குத்திக்கொள்ள மறுத்த குற்றம். பொன்னேரி கோர்ட்டுக்கு, முகத்தழும்பு தெரியாமல் முக்காடு போட்டுக்கொண்டு வரும்படி வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். நான் போடவில்லை. கூண்டில் ஏறியதும் மாஜிஸ்திரேட் என் முகத்தைப் பார்த்தார், பிறகு காகிதத்தைப் பார்த்தார்.

“குற்றத்தை ஒப்புக்கிறியா?”

“ஒத்துக்கிறேங்க. என் பேச்சைக் கேட்டு ஒருத்திக்குக் கண்ணு போச்சு. அபராதம் போடுங்க, கட்டுறேன். ஆனா என் கையப் புடிச்சி முறுக்கினதுக்கு யாருங்க கட்டுவாங்கோ?”

இன்ஸ்பெக்டர் தலை குனிந்திருந்தார். மாஜிஸ்திரேட் எனக்கு அபராதம் விதித்தார். அதன்பின் இன்ஸ்பெக்டரைப் பார்த்து, “மறுத்தால் என் முன்னால் கொண்டுவாருங்கள். அதற்குத்தான் சட்டம். அமுக்கிப் பிடித்துக் குத்துவது உங்கள் வேலை இல்லை” என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் இன்ஸ்பெக்டர் எனக்காகக் காத்திருந்தார். “கும்மிடிப்பூண்டி வரைக்கும் எல்லா மில்லுக்கும் போகணும். பொம்பளைங்க என்னைக் கண்டாலே ஓடுறாங்க. நீ கூட வரியா?” என்று கேட்டார்.

வருகிறேன் என்றேன். போலீஸ் வரக்கூடாது, முந்தின நாளே சொல்ல வேண்டும், கையைக் கழுவிவிட்டுக் கீற வேண்டும், கீறிய கை ஆறும்வரை பாரம் தூக்கச் சொல்லக்கூடாது என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். மில்காரர்களிடம் பேசி ஒப்புக்கொள்ளவும் வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. அவசரக்காரர்.

முதலில் எங்கள் மில்லுக்கே போனோம். ஜைத்தூனும் வந்தாள். நாங்கள் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. என் முகம், அவள் கண். கேட்டவர்களுக்கு நடந்ததைச் சொன்னோம். வலிக்கும், காய்ச்சல் வரும் என்பதையும் மறைக்கவில்லை. அரைமணி நேரம் யாரும் நகரவில்லை. பிறகு, முந்தின வருஷம் கை சீழ் பிடித்துக் கிடந்தாளே, அவள்தான் முதலில் எழுந்தாள்.

“நீ பக்கத்துல குந்திக்கோ. போட்டுக்கிறேன்” என்றாள்.

அன்று ஒரே ஒருத்தி மறுத்தாள். அவளை யாரும் தொடவில்லை. ஊரில் நோய் அடங்கும்வரை களத்துக்கு வரவேண்டாம் என்று மட்டும் சொன்னோம். அவள் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் மேஸ்திரி வைத்திருந்தார். சட்டம் அதுவரை போகலாம், அதற்குமேல் போகக்கூடாது என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தக் கோடையில் நாங்கள் போன எந்தக் களத்திலும் பெண்கள் சுவர் ஏறவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் எனக்குப் பெருமையானது இதுதான்.

உடம்பு முன்போல் ஆகவில்லை. முகத்தில் தழும்பு உள்ள இடங்களில் வேர்ப்பதில்லை. வெயிலில் கன்னம் காந்தும். முதலில் கண்ணாடியைத் திருப்பி வைத்திருந்தேன். பிறகு அந்த முகத்தோடு அத்தனை களங்களுக்கும் போய்வந்ததில், அது என் வேலைக்கான முகம் ஆகிவிட்டது.

பல வருஷங்கள் கழித்து, கால் வலிக்காகத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சீட்டு எழுதிய நர்ஸ் சின்னப் பெண். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அம்மா, தப்பா நெனைக்காதீங்க. மூஞ்சில இது இன்னாது? தீ பட்டுச்சா?”

நர்ஸுக்குப் படித்த பெண்ணுக்கே பெரியம்மைத் தழும்பு அடையாளம் தெரியவில்லை. அவள் பிறந்தபிறகு அந்த நோயை ஒருவரும் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, நன்றாகப் பார்க்கட்டும் என்று முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.