கயிறு கட்டிய ஸ்டார்ட்டர்

பட்டுப்புழு இலை தின்னும் சத்தம் மழைச் சத்தம் போலவே இருக்கும். வானம் கைவிட்ட அந்த வருஷத்தில் எங்கள் வீட்டுக்குள் மட்டும் மழை பெய்துகொண்டிருந்தது. அது எந்த நேரத்தில் நிற்குமோ என்று பயந்து பயந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

அறுபதுகளின் கடைசி. தேன்கனிக்கோட்டைச் சாலையோரம் எங்கள் நிலம். அண்ணன், அண்ணி, நான். நானும் அண்ணனும் மல்பெரித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டோம். அண்ணி புழு வளர்த்தாள். அந்த முறை புழுக்கள் கடைசித் தோலை உரித்துவிட்டு, வெறி பிடித்தாற்போலத் தின்னும் பருவத்தில் இருந்தன. இன்னும் சில நாள் இலை கிடைத்தால் கூடு கட்டும். கிடைக்காவிட்டால் குப்பைக்குழிதான்.

செடிகள் வாடிக் கிடந்தன. ஒரு பாய்ச்சல் தண்ணீர் விட்டால் மறுநாளே இலை நிமிரும். கிணற்றில் தண்ணீர் இருந்தது; அதை மேலே ஏற்றக் கரண்ட் இல்லை. கிணற்றில் கவலை இழுத்துத் தண்ணீர் இறைத்த மாடுகளை மோட்டார் வந்த கையோடு விற்றுவிட்டோம். ஊரில் எல்லோருமே விற்றுவிட்டார்கள். அணைகள் வறண்டதால் மின்வெட்டு என்றார்கள். மழை பொய்த்தால் ஆறு மட்டுமல்ல, கம்பியும் வற்றும் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

ஒருநாள் காலையில் அண்ணன் டீக்கடை ரேடியோவைக் கேட்டுவிட்டு வேகமாக வந்தான்.

"மெட்ராஸுக்கு அந்தாண்ட, கடலோரமா, அணுவுல கரண்ட் எடுக்கப் போறாங்களாம். மழை வேணாம், அணை வேணாம், கரி வேணாம். புகைகூட வராதாம்!"

அண்ணி புழுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எப்பங்க வரும்?"

"வரும். வருஷம் கொஞ்சம் ஆகும்."

"அப்ப இந்தப் புழுங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அதுவரைக்கும் வாயைக் கட்டிக்கிட்டுக் கிடக்கட்டும்."

அண்ணன் சிரித்தான். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. போனால் மோட்டாரை ஓட்டும் ஸ்டார்ட்டரின் கைப்பிடி தானாக விழுந்துவிடும். வந்ததும் ஆள் போய்த் தூக்க வேண்டும். அந்த நேரத்தைக்கூட இழக்க மனமில்லாமல் அண்ணன் கைப்பிடியைத் தூக்கிச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிவைத்தான். கரண்ட் வந்த நொடியே மோட்டார் ஓடட்டும் என்று. அக்கம்பக்கத்துக் கிணறுகளிலும் இதே கதைதான். கன்னடம் கலந்து பேசும் லைன்மேன் சைக்கிளை நிறுத்திக் கத்தினார்:

"ஏன்ணா, மிஷினுக்குத் தாலி கட்டி வெச்சிருக்கீங்களா? எல்லாம் ஒண்ணா இழுத்தா வோல்டேஜ் எறங்கிடும், மோட்டார் எரிஞ்சிடும். அவுத்துடுங்க, அவுத்துடுங்க!"

"நீ முதல்ல கரண்ட்டைக் குடு சாமி. அப்புறம் அவுக்கறேன்," என்றான் அண்ணன்.

மறுநாள் உச்சி வெயிலில் கரண்ட் வந்தது. கிணற்று மேட்டு பல்பு அணையப் போகும் கங்கு மாதிரிச் சிவந்தது, அவ்வளவுதான். சுற்றிலும் அத்தனை மோட்டார்களும் ஒரே மூச்சில் உறுமின, ஒன்றுகூடச் சுழலவில்லை. அண்ணன் அரிவாளோடு வரப்பில் ஓடினான். நான் பின்னால் ஓடினேன். அவன் கயிற்றை வெட்டியபோது மோட்டாரிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. எரிந்த காயிலின் நாற்றம் எங்கள் கிணற்றிலிருந்து மட்டும் வரவில்லை; காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே நாற்றம்.

பிறகு அணு உலைகள் வந்தன. இன்று ஒரு மேடையில் அதுதான் சுத்தமான மின்சாரம் என்கிறார்கள். இன்னொரு மேடையில் விஷம் என்கிறார்கள். இரண்டு மேடைக்கும் போகிறேன், உட்கார முடியாமல் எழுந்து வந்துவிடுகிறேன். மழையை நம்பாத கரண்ட் எவ்வளவு பெரிய சொல் என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல் வந்துசேரும்வரை எதைத் தின்பது என்ற கேள்வியை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

மோட்டார் எரிந்த அன்று மாலை வீட்டுக்குள் சத்தம் மெலிந்துபோனது. புழுக்கள் தலையைத் தூக்கி, இல்லாத இலையை இப்படியும் அப்படியும் தேடின. அண்ணி அவற்றைப் பருவத்துக்கு முன்பே கூடு கட்ட வைக்கும் சந்திரிகைத் தட்டின் மூங்கில் சுருள்களில் பொறுக்கி விட்டாள். பாதி கீழே விழுந்து செத்தன. மீதி இரண்டு மூன்று நாளில் கட்டிய கூடுகள் வெங்காயச் சருகு போல இருந்தன; எந்தச் சந்தையிலும் விலை போகாது. ஒன்றை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே புழு அசைவது தெரிந்தது.

"கட்டிடுச்சு பாருங்க, பாவம்," என்றாள்.

அண்ணன் பார்க்கவில்லை. அன்று வெட்டிய சணல் கயிற்றைக் கையில் வைத்துத் திரித்துக்கொண்டிருந்தான். அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு குப்பைக்குழிப் பக்கம் நடந்தாள்.