வாங்க கேட்ட வீடு

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் என்னைப் பெரிய தைரியசாலி என்று நினைத்துக்கொள்வார்கள். கடைவீதியில் ஒரு பெரிய மீசை எதிரே வந்தால் பக்கத்துத் துணிக்கடைக்குள் புகுந்து, வாங்கப் போகாத ரவிக்கைத் துணியை விலை கேட்கிறவள் நான். வங்கி கவுண்டரில் பதினைந்து வருஷம் உட்கார்ந்தும் இந்தப் பயம் தெளியவில்லை. அங்கே நடுவில் கண்ணாடி இருக்கிறதே!

சில வருஷங்களுக்கு முன் என் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, அறுபது நிறைந்தது. காரைக்குடியில் எங்கள் வீட்டிலேயே சாந்திக் கல்யாணம் வைத்தோம். பத்தரை மணிக்குள் அப்பச்சி ஆத்தா கழுத்தில் இரண்டாம் முறை தாலி கட்ட வேண்டும். எனக்குக் கொடுத்த வேலை, வாசலில் நின்று ‘வாங்க’ கேட்பது.

வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு வேலையாகவே தெரியாது. எங்கள் வீடுகளில் விசேஷத்துக்கு வருகிற ஒவ்வொருவரையும் முகம் பார்த்துத் தனித்தனியாக ‘வாங்க’ என்று கேட்க வேண்டும். பத்துப் பேருக்குச் சேர்த்து ஒரு கும்பிடு போட்டால் செல்லாது. விட்டுப்போனவர் சிரித்துக்கொண்டேதான் சாப்பிட்டுவிட்டுப் போவார். பிறகு பத்து வருஷத்துக்கு, “அன்னைக்கு என்னைய வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலையே” என்று ஊரெல்லாம் சொல்லுவார். என் பெரியம்மா ஒருத்தி இந்த ஒரே காரணத்துக்காக ஒரு வீட்டு வாசலை மிதிப்பதையே விட்டுவிட்டாள். அந்தப் பழி எனக்கு வேண்டாம் என்று காலை ஆறு மணியிலிருந்து நான் கேட்ட வேகத்தில், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரையும் கேட்டுவிட்டேன். அவர் திகைத்துப்போய் உள்ளே வந்து காபி குடித்துவிட்டுப் போனார்.

என் தம்பி விடியற்காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு மாலை வாங்கப் போயிருந்தான். திரும்பி வந்தவன் என்னைப் பார்க்காமல், தலை வலிக்கிறது என்று மாடிக்குப் போய்விட்டான். கல்யாண வீட்டில் வேலைக்குப் பயந்து வருகிற தலைவலி என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு மணி இருக்கும். இரண்டு பைக்கில் நான்கு பேர் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவர் வாசல்நிலையை மறைக்கிற ஆள். புருவத்தைக் குறுக்கே வெட்டிய தழும்பு, கையில் தடித்த செம்புக் காப்பு. சட்டையில் காய்ந்த கறை. கடைவீதியாக இருந்தால் நான் ரவிக்கைத் துணி விலை கேட்டிருப்பேன். ஆனால் நான் நின்றது வாசலில். தெரியாத முகமென்றால் அப்பச்சியின் தொழில் பழக்கம், சிவகங்கையிலிருந்து வந்திருப்பார்கள் என்று நானே முடிவுகட்டினேன்.

“வாங்க, வாங்க! ஏன் அங்குட்டே நிக்கிறீக? இங்குட்டு வாங்க.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. பின்னால் நின்ற மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்து, “வாங்க. வாங்க. நீங்களும் வாங்க” என்று கேட்டேன். “எதா இருந்தாலும் சாப்டுட்டுப் பேசலாம்” என்று பந்திக்கு நானே கூட்டிப்போய் உட்காரவைத்தேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உட்கார்ந்தார்கள்.

மூன்று பேர் இட்லியைத் தொட்டார்கள். தழும்புக்காரர் மட்டும் இலைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். இவருக்குக் கத்தரிக்காய்க் கோசமல்லி பிடிக்காதோ என்று நான் சட்னி வாளியைத் தேடிக்கொண்டிருந்தபோது சித்தப்பா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“யாரைக் கூட்டியாந்து உக்கார வச்சிருக்கே தெரியுமா? அவுகள்ல ஒருத்தரைக் கேட்டேன், மாடிக்குப் போய் உன் தம்பியையும் கேட்டுட்டேன். காலையில நம்ம கார் கல்லல் ரோட்டுத் திருப்பத்துல ஒரு பைக்கை இடிச்சிருக்கு. உன் தம்பி நிக்காம வந்துட்டான். பின்கண்ணாடியில நம்ம வீட்டு விசேஷத் தாளு ஒட்டியிருக்குல்ல, அதைப் பாத்து வீட்டைக் கண்டுபிடிச்சு வந்திருக்காக. அவனை அடிக்க வந்திருக்காக! நீ உள்ள போ, நான் ஆளுகளைக் கூப்புடுறேன்.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளத்தான் கால் துடித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சட்டைக் கறை அப்போதுதான் எனக்கு இன்னதென்று புரிந்தது. யாரையோ தூக்கியிருக்கிறார். தூக்கியவர் சட்டை மாற்றக்கூட நேரமில்லாமல் வந்திருக்கிறார். அவர் கையைக் கட்டிக்கொண்டிருந்தது திமிர் இல்லை, சோறு இறங்கவில்லை. என் தம்பி மேல் எனக்கு வந்த கோபத்தில் பயம் கொஞ்சம் பின்னால் போனது.

“ஆளுக யாரையும் கூப்பிடாதீக” என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் காபியை எடுத்துக்கொண்டு போய்த் தழும்புக்காரர் முன்னால் வைத்தேன். அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

“அடிபட்டவுகளுக்கு இப்ப எப்படி இருக்கு?”

மற்ற மூன்று பேரின் கையும் இலையிலேயே நின்றது.

“கால் ஒடிஞ்சிருக்கு. உசுருக்கு ஒண்ணும் இல்லைன்னாக. என் தம்பி.”

“ஓட்டுனது என் தம்பி” என்றேன்.

அவர் காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார். “அடிக்கணும்னுதான் வந்தோம் ஆச்சி.” எங்கள் வீட்டில் ஆச்சி என்றால் அக்கா. ஊரில் எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரையுமே அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்றாலும் அவர் வாயிலிருந்து அதை நான் எதிர்பார்க்கவில்லை. “வாசல்ல வச்சே இழுத்துப்போட்டு அடிக்கணும்னு வந்தோம். நீங்க வாங்கன்னு கேட்டுட்டீக. அதுவும் ஆளாளுக்குத் தனியா. வாங்க கேட்ட வீட்டுல எப்படிக் கை நீட்டுறது? அதான் முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. யாரென்று தெரியாமல் கேட்டதுதான் என்று ஒத்துக்கொண்டேன். “தெரிஞ்சிருந்தா?” என்றார். “உள்ள ஓடியிருப்பேன்” என்றேன். அவர் முகம் முதல் முறையாகக் கொஞ்சம் இளகியது.

மாடிக்குப் போனேன். தம்பி பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

“ஆச்சி, அவுக போயிட்டாகளா?”

“காபி குடிக்கிறாக. எந்திரி.”

“அடிப்பாக ஆச்சி.”

“அடிக்கட்டும். அந்தத் தம்பி ரோட்டுல கெடந்தப்ப உனக்கு வலிச்சுச்சா?” கத்திவிட்டேன். கீழே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. அவன் விசும்பினான். சின்ன வயதில் அழுவது போலவேதான் அழுதான். கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்தேன். அடிக்க மாட்டார் என்று எனக்கு எந்த உறுதியும் இல்லை. நடுவில் நான் நிற்பேன் என்பது மட்டும் தெரியும்.

அவர் எழுந்து நின்றார். தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏப்பா, இறங்கி ஒரு கை புடிச்சுத் தூக்கியிருக்கக் கூடாதா?”

“வா, ஆஸ்பத்திரிக்கு” என்றார் அவர்.

முகூர்த்தம் நெருங்குகிற நேரத்தில் எங்கே போவது என்று சித்தப்பா குதித்தார். மாலையோடு மணையில் உட்கார்ந்திருந்த அப்பச்சியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆத்தாவைப் பார்த்தார். பிறகு, “போயிட்டு வாங்க. போலீசுலயும் அவனையே சொல்லச் சொல்லு” என்றார். சாந்திக் கல்யாணப் படங்களில் நானும் தம்பியும் இல்லை. அதைப் பற்றி இன்றும் விசாரிக்கிற உறவினர்கள் உண்டு. தம்பி அன்றே காவல் நிலையத்தில் தானே போய்ச் சொன்னான், வழக்கும் நடந்தது.

ஆஸ்பத்திரியில் அடிபட்டவரைப் பார்த்ததும் எனக்கு மனசு கலங்கிவிட்டது. அண்ணனில் பாதிகூட இல்லை, ஒல்லியான ஆள், என் தம்பி வயதுதான் இருக்கும். காலில் கட்டு. அவர் கண் தம்பியின் பட்டு வேட்டியில் போய் நின்றது.

“நீங்கதான் ஓட்டுனதா?”

“ஆமா.”

“நின்னிருக்கலாம்ல?”

“பயந்துட்டேன்” என்றான் தம்பி.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “நானுந்தான். காரு போற சத்தம் கேட்டுக்கிட்டே கெடந்தேன். இனி யாரும் வர மாட்டாகன்னு நெனச்சேன்.”

தம்பி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

“சரி, இப்பயும் போயிடாதீக” என்றார் அவர். “எக்ஸ்ரேக்குத் தூக்கிட்டுப் போகணுமாம். ஒரு ஆள் கொறையுது.”

என் தம்பி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கால்பக்கம் போய் நின்றான்.