பெரிலின் மாவுத் தராசு

இருட்டத் தொடங்கியதும் டெரிக் முள்ளெலியைக் கையுறையோடு தூக்கிவந்து, அவர் மனைவி பெரில் கேக்குக்கு மாவு நிறுக்கும் தராசில் வைப்பார். அது பந்தாகச் சுருண்டுகொள்ளும்.

“நானூத்தி எண்பது. இன்னும் தின்னுடா தடியா, பனி வருது.”

“அதை இறக்கிட்டுத் தட்டை நல்லாக் கழுவு,” என்பார் பெரில். “போன வாரம் என் கேக்ல உண்ணி இருந்திருந்தா, நீதான் முதல்ல தின்னிருக்கணும்.”

அறுநூறு கிராமாவது தேறாமல் குளிர்காலத் தூக்கத்துக்குப் போனால் முள்ளெலி மறுபடி எழுந்திருக்காது என்பது எங்கள் தெருவுக்கு டெரிக் சொல்லித்தந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர். என் வீட்டு வேலி உட்பட எல்லா வேலியிலும் முள்ளெலி நுழைய ஓட்டை போட்டவர். அதற்குப் பால் வைத்தவர்களைப் பிடிபிடியென்று பிடிப்பார்: “பேதியாகி சாகணுமா அது? தண்ணி வைங்கம்மா.”

போன இலையுதிர்காலத்தில், பட்டப்பகலில் புல்லில் அலைந்த மெலிந்த முள்ளெலி ஒன்றைப் பெட்டியில் வைத்து நான்கு நாள் பூனைத்தீனி ஊட்டினார். தெருச் செய்தித்தாளில் அவரும் அதுவுமாகப் படம் வந்தது. பெரில் அதைக் குளிர்பெட்டியில் ஒட்டினார். ஐந்தாம் நாள் என் கொட்டகைக்குப் பின்னால் இலை வாரிய நான் டெரிக்கைக் கூப்பிட்டேன். இலைக்கூட்டில் நான்கு குட்டிகள், விறைத்துக் கிடந்தன. பெட்டியில் இருந்தது தாய்.

“பெரிலுக்குக்கூடத் தெரிய வேண்டாம்,” என்றார். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்தபடியே ஒரு வருடமாக அவர்கள் சமையலறையில் தேநீர் குடித்தேன்.

நேற்று மதியமும் அங்கே இருந்தபோது எதிர்வீட்டு ஜேனிஸ் ஒரு பெட்டியோடு வந்தாள். “எங்க தோட்டத்துல, வெயில்ல சுத்திட்டிருந்துச்சு. எலும்பும் தோலுமா இருக்கு. போன வருஷம் மாதிரி தேத்திருவீங்கல்ல?”

டெரிக் அதைத் தராசில் வைத்தார். எண்ணைப் பார்க்கவில்லை. அது விரியும்வரை காத்திருந்து வயிற்றைப் பார்த்தார். பால்காம்புகளைச் சுற்றி முடி தேய்ந்திருந்தது.

“எடுத்த இடத்துலயே விட்டுரணும்.”

“சாகட்டும்னா? நீங்களா இப்படிப் பேசுறீங்க?”

அவர் என்னைப் பார்த்தார். நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்தேன்.

“பால் குடுக்கிற தாய் இது, ஜேனிஸ். பசிக்குப் பகல்லயும் வரும். போன வருஷம் நான் தூக்கிட்டு வந்ததும் தாய்தான். நாலு குட்டி செத்துப்போச்சு.”

கோப்பை துடைத்துக்கொண்டிருந்த பெரிலின் கையில் துணி நின்றது.

ஜேனிஸின் தோட்டத்தில் இறக்கிவிட்டதும் முள்ளெலி நேராக விறகுக் குவியலுக்கு அடியில் போனது. டெரிக் மண்டியிட்டுக் காதைச் சாய்த்தார். பின்னால் நாங்கள் மூவர். உள்ளே, குருவிக்குஞ்சு கத்துவதுபோல மெல்லிய சத்தம்.

“இருக்கா?” என்றார் பெரில்.

டெரிக் எங்கள் பக்கம் திரும்பவில்லை. பேசாதீர்கள் என்று கையை மட்டும் உயர்த்தினார்.