கண்ணாடிக்குள் போன நாலாவது காப்பி

என் அக்காவின் கணவருக்குக் கடைத்தெருவில் ‘சாய்மானம்’ என்று பெயர். போட்டோ பிரிண்ட் போடுவது அவர் தொழில். அதே கடையின் முன்பாதியில் உட்கார்ந்து ஃப்ரேம் போடுவது என் தொழில். மெஷினிலிருந்து வரும் எந்தப் படத்தையும் அவர் நேராகப் பார்த்து நான் கண்டதில்லை. இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து, ஜன்னல் பக்கம் சாய்த்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். தங்கத்தை உரசிப் பார்க்கிறவன்கூட அவ்வளவு சந்தேகப்பட மாட்டான்.

அவர் தேடுவது மினுமினுப்பில் உள்ள நொட்டையை. பளபளப்பான தாளில் மை விழுந்த இடம் ஒரு மாதிரி மினுக்கும். படத்தில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் மையே விழாது; அங்கே தாள் வேறு மாதிரி மினுக்கும். சாய்த்தால் வெள்ளைச் சட்டை திட்டுத்திட்டாகத் தெரியும், கறுப்புக் கோட்டில் செம்பு நிறம் ஓடும். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உலகம் படத்தை நேராகத்தான் பார்க்கிறது என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை.

வைத்தியம் அவருக்கு அத்துப்படி. வெள்ளையைத் துளி சாம்பலாக்கி எல்லா இடத்திலும் மை விழச் செய்வார். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மேலே மூன்று தடவை வார்னிஷ் தெளிப்பார்.

“கண்ணாடி போட்டுட்டா எல்லாம் மறைஞ்சிடும் அத்தான்” என்றேன் ஒருமுறை.

“கிழிஞ்ச சட்டைக்கு மேல கோட்டு போடற மாதிரிதான் மச்சான் அது. குறை உள்ளயேதான் இருக்கும்.”

என் பிழைப்பைப் பற்றி அவருக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். ஊருக்கெல்லாம் படம் போட்டவர் வீட்டில் சுவர் மொட்டை. அக்கா கேட்டது ஒரே ஒரு படம். அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடமான அன்று நான் எடுத்தது. அவர் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கோட்டும் போட்டு நிற்க, பக்கத்தில் அக்கா. அந்தச் சட்டையும் கோட்டும்தான் வினையாக வந்தன. எல்லா வைத்தியமும் பார்த்தும் மனம் ஒப்பாமல், ஆறு மாதத்தில் இருபத்திரண்டு காப்பி போட்டார். ஒவ்வொன்றையும் சாய்த்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, என் பக்கம் தள்ளினார். ஃப்ரேமுக்குப் பின்னால் வைக்கும் அட்டையாகிவிட்டார்கள் அக்காவும் அத்தானும்.

ஒரு நாள் மத்தியானம், அவர் மை வாங்கப் போயிருந்தபோது, அக்கா கடைக்கு வந்தாள்.

“சுவத்துல வெறும் ஆணி இருக்குடா. வரவங்க எல்லாம் யார் படம் மாட்டப் போறீங்கன்னு கேக்கறாங்க. வீட்டுச் சாவியத் தொங்கவிட்டிருக்கேன்.” சிரித்துவிட்டு, “எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா பாக்கணும்னு ஒரு ஆசை. அவ்வளவுதான்” என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிஞ்சிய அட்டைகளைப் புரட்டி, கைக்கு வந்த ஒரு காப்பியை எடுத்துக் கண்ணாடி போட்டு, நானே போய் மாட்டினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த அத்தான், செருப்பைக் கழற்றும் முன்பே தலையைச் சாய்த்தார். கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தது. இடப்பக்கம் போனார், ஜன்னல். முழங்காலை மடித்துப் பார்த்தார், அப்போதும் ஜன்னல். வேறு வழியில்லாமல் எதிரே நேராக வந்து நின்றார்.

“எத்தனாவது காப்பி?”

“நாலாவது. பின்னால நீங்கதான் நம்பர் போட்டிருக்கீங்க.”

“அப்ப அதுக்கப்புறம் போட்ட பதினெட்டு?”

அவர் படத்தை விட்டு நகரவில்லை. வெகுநேரம் கழித்து அக்கா பக்கம் திரும்பினார்.

“நீ கேமராவையே பாக்கல.”

“ஆமா.”

“என்னைப் பாத்துட்டு இருக்கே.”

அக்கா சாவிக்கொத்தை அலமாரியில் வைத்தாள்.

“இருபத்திரண்டு தடவையும் உங்க கோட்டைத்தான் பாத்தீங்களா?” என்றாள்.