காலரா முகாமில் ஓர் அண்டா வெந்நீர்

1. டிரங்க் கால்

காலை எட்டு மணிக்கு டிரங்க் கால் வந்தது. பத்து மணிக்கு பஸ்ஸே வந்து நின்றுவிட்டது. இடையில் இருந்த இரண்டு மணி நேரத்தில் பதினாறு பேருக்குத் தங்க இடம், பாய், சாப்பாடு, குடிதண்ணீர், இரண்டு கக்கூஸ் எல்லாவற்றையும் நான் ஏற்பாடு செய்தாக வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் நான் சங்கரன்கோவிலில் ஹெல்த் இன்ஸ்பெக்டர். அந்தக் கோடையில் குளங்கள் வற்றி, கிணறுகள் சேறும் தண்ணீருமாகக் கிடந்தன. பனவடலிசத்திரம் போகிற சாலையை ஒட்டிய ஊர்களில் வாந்திபேதி பரவியது. ரிப்போர்ட்டில் நாங்கள் ‘ஜி.இ.’, அதாவது சாதாரணக் குடல் அழற்சி, என்றுதான் எழுதுவோம். காலரா என்று எழுதினால் மேலிடத்திலிருந்து கேள்வி மேல் கேள்வி வரும். இருக்கிற ஆட்களை வைத்துச் சமாளிக்க முடியாமல் வெளியூர் மெடிக்கல் காலேஜ் ஒன்றிலிருந்து மாணவர்களை அனுப்பினார்கள். பதினைந்து பேர் மாணவர்கள். கூட வந்தவர் டாக்டர் சரோஜா, அசிஸ்டென்ட் புரொபசர்.

டிரங்க் காலில் பேசியது எங்கள் ஹெல்த் ஆபீசர். அவருக்கு நெளிவு சுளிவாகப் பேசத் தெரியாது.

“வே, அந்தப் பிள்ளைகள உம்ம பொறுப்புல விடுதேன். ஊர்ல நாலு பேருக்கு வந்தா ஒரு ரிப்போர்ட்டோட போயிரும். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைல ஒண்ணுக்கு வந்துதுன்னா நீரும் இல்ல, நானும் இல்ல. பாத்துக்கிடும்.”

சாதாரண நாளிலேயே நான் ஓர் இடத்தில் நிற்கிற ஆள் இல்லை. காலில் சக்கரம் கட்டியவன் என்று வீட்டில் பெயர். அன்றிலிருந்து தூக்கமும் போயிற்று.

கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்து முகாம் ஆக்கினோம். பின்பக்கம் இருந்த கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, குளோரின் அளவைக் காட்டுகிற குளோரோஸ்கோப்பில் நிறம் பார்த்துத் திருப்திப்பட்டேன். அது போதாதென்று குடிக்கிற தண்ணீரை அண்டாவில் கொதிக்க வைக்கவும் சொன்னேன். சமையலுக்கு வந்தவர் ஆவுடையக்கா. கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறவர், ஐம்பது வயது இருக்கும். தினமும் விடியற்காலையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அண்டா பக்கத்தில் நிற்பேன். தளதளவென்று பத்து நிமிஷம் கொதிக்க வேண்டும்.

“பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள கூட இப்படி உத்துப் பாக்க மாட்டாரு சார்” என்பார் ஆவுடையக்கா.

“நீங்க பேசாம தீயத் தள்ளுங்கக்கா. ஆறு மணிக்கு ஜீப் கெளம்பணும். அதுக்குள்ள எல்லாப் போத்தலும் நெறஞ்சிருக்கணும்.”

தண்ணீர் கொதிப்பதைக் கண்ணால் பார்த்ததும் அங்கிருந்து ஓடிவிடுவேன். ஜீப்புக்கு டீசல் இருக்கிறதா, ஊசி கொதிக்க வைத்தாயிற்றா, சலைன் பாட்டில் எண்ணிக்கை சரியா என்று நூறு வேலை.

2. ஒரு செம்பு மோர்

முதல் மூன்று நாளும் ஊர்க்காரர்கள் எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். காலராத் தடுப்பூசி போட்டால் காய்ச்சல் வரும், கை வீங்கும், இரண்டு நாள் கூலி போய்விடும். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை.

நான்காம் நாள் ஒரு தெருவில் மூக்கம்மா என்ற பெண்ணிடம் போய் நின்றோம். ஆடும் இரண்டு எருமையும் வைத்திருந்த குடும்பம். அவள் சொன்னால் அந்தத் தெரு கேட்கும் என்று தலையாரி சொல்லியிருந்தார். மாணவர்களில் மாலதி என்றொரு பெண். தஞ்சாவூர்ப் பக்கம். சிரித்த முகம். அவள்தான் பேசினாள். மூக்கம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து நீட்டினாள்.

“வெயில்ல வந்திருக்க தாயி. மொதல்ல இதக் குடி.”

எங்கும் எதையும் வாங்கிக் குடிக்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். மாலதி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். அவள் செம்பை வாங்கி முழுதும் குடித்தாள்.

“இப்பம் போடு தாயி ஊசிய” என்று மூக்கம்மா கையை நீட்டினாள். அன்று அந்தத் தெருவே கையை நீட்டியது.

திரும்பி வரும்போது ஜீப்பில் அவளைக் கடிந்துகொண்டேன்.

“நான் வேண்டாம்னு சொன்னேன்ல? எதுக்குக் குடிச்சீங்க?”

“குடிக்கலேன்னா அவங்க கை நீட்டியிருக்க மாட்டாங்க சார்” என்றாள் மாலதி.

பதில் சரியாக இருந்ததால் எனக்குக் கோபம் கூடத்தான் செய்தது.

3. என் வாய்

இரண்டு நாள் கழித்துக் காலையில் மாலதியால் எழுந்திருக்க முடியவில்லை. கஞ்சித் தண்ணீர் போலப் பேதி. ஒரு மணி நேரத்துக்குள் கண் உள்ளே போய், விரல் நுனிகள் சுருங்கிவிட்டன. டாக்டர் சரோஜா நரம்பு தேடிச் சலைன் ஏற்றி, அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஹெல்த் ஆபீசர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

டாக்டர் வெளியே வந்து, “நாடி ரொம்பப் பலவீனமா இருக்கு. இப்போதைக்கு ஒண்ணும் சொல்ல முடியாது இன்ஸ்பெக்டர்” என்றார்.

நான் அங்கே நிற்கவில்லை. ஜீப்பை எடுத்துக்கொண்டு நேரே மூக்கம்மா வீட்டுக்குப் போனேன். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மோர்ப் பானையைத் தூக்கி வாசலில் கவிழ்த்தேன். மற்ற பானைகளில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினேன்.

“நீ குடுத்த மோராலதான் அந்தப் பிள்ள சாகக் கெடக்கு” என்று கத்தினேன்.

மூக்கம்மா வாசலில் ஓடிய மோரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்தும் எனக்கு மனம் இளகவில்லை. குற்றவாளியைப் பிடித்துவிட்ட திருப்தியோடு வந்தேன் என்பதை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மறுநாள் மாலதிக்குச் சிறுநீர் பிரிந்தது. பிழைத்துவிடுவாள் என்றார் டாக்டர். அன்றைய ரிப்போர்ட்டில் ‘கிராமத்து வீட்டில் மோர் அருந்தியதால்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்கடுத்த நாள் தாவூது படுத்துவிட்டான். கடையநல்லூர்ப் பையன், மாலதியின் கிளாஸ். வந்த அன்றே கால் சுளுக்கி, பள்ளிக்கூடத்திலேயே உட்கார்ந்து ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தவன். அவனுக்கும் அதே கஞ்சித் தண்ணீர்ப் பேதி. சலைன் ஏற்றிவிட்டு டாக்டர் சரோஜா என்னிடம் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை.

“தாவூது எந்த ஊர் மோரைக் குடிச்சான் இன்ஸ்பெக்டர்?”

4. அண்டா

மறுநாள் விடியற்காலையில் தண்ணீர் கொதித்த பிறகும் நான் அடுப்படியை விட்டு நகரவில்லை. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டேன். ஆவுடையக்காவுக்கு ஆச்சரியம்.

“என்ன சார், இன்னிக்கு வேலை இல்லியா?”

“நீங்க பாட்டுக்குச் செய்யுங்க. நான் சும்மா பாக்கேன்.”

அவர் தீயை இழுத்தார். அண்டாவை இறக்கினார். பிறகு மூலையில் இருந்த செப்புக்குடத்தைத் தூக்கி, அதிலிருந்த பச்சைத் தண்ணீரை அண்டாவில் ஊற்றினார். கையை விட்டுச் சூடு பார்த்தார். இன்னும் அரைக் குடம் ஊற்றினார்.

“என்னக்கா பண்ணுதீங்க?”

“விளாவுதேன் சார். கொதிக்கக் கொதிக்கப் பிள்ளைக எப்படிக் குடிக்கும்? அது ஆறுறதுக்குள்ள நீங்க ஜீப்ப கெளப்பிருவீங்களே.”

“இது எந்தத் தண்ணி?”

“பக்கத்துத் தோட்டத்துக் கிணறு. நம்ம கிணத்துல நீங்க போட்ட பவுடரு வாடை கொடலப் பெரட்டுதுன்னு பிள்ளைக சொல்லிச்சு. தோட்டத்துத் தண்ணி கற்கண்டு மாதிரி இருக்கும். தூரமா போயிச் சொமந்துட்டு வாரேன்.”

வெந்நீரை விளாவாத வீடு நம் ஊரில் உண்டா? குளிக்கிறதற்குத் தினமும் நானே விளாவுகிறவன்தான். காய்ச்சச் சொன்னேன், காய்ச்சினார். ஆறு மணிக்குள் போத்தலில் நிரப்பச் சொன்னேன், நிரப்பினார். ஆற வைக்க நேரம் கொடுக்காதவன் நான். வாடை பற்றிப் பிள்ளைகள் என்னிடம் சொல்லாமல் அவரிடம் சொன்னதற்கும் காரணம் நான்தான். என்னிடம் யாரும் இரண்டு நிமிஷம் நின்று பேச முடியாது.

விஷயத்தைச் சொன்னதும் ஆவுடையக்கா தலையில் அடித்துக்கொண்டார். “என்னையப் போலீஸ்ல பிடிச்சுக் குடுத்திருங்க சார்” என்று அழுதார். “உங்க மேல தப்பில்லக்கா, என் மேலதான்” என்றேன். தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரைச் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பினேன். கிருமி இருக்கிறது என்ற பதில் பிறகு வந்தது.

5. ஆட்டுக்கிடை

மறுநாள் ஹெல்த் ஆபீசருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“ரெண்டு பிள்ளையும் பொழச்சிட்டுல்ல? அப்போ மோருன்னே இருக்கட்டும்வே. ஏற்கெனவே எழுதியாச்சு. முகாம் தண்ணின்னு எழுதினா உம்ம வேலை போவும், என் தலையும் உருளும்.”

சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. பொய் சொல்லக்கூடாது என்று சொல்ல வரவில்லை. எனக்கும் பிள்ளைகுட்டி இருந்தது. “யோசிச்சுச் சொல்லுதேன் சார்” என்று போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். முகாம் வாசலில் மூக்கம்மாவின் புருஷன் சுடலை நின்றிருந்தார். அத்தனை தூரமும் நடந்தே வந்திருக்கிறார்.

“அவளுக்கு நேத்து மத்தியானம் புடிச்சு வாந்தியும் பேதியுமா போவுது அய்யா. தெருவுல நாலஞ்சு பேருக்கு இருக்கு. மத்தவங்க உங்க உப்புத்தண்ணிய குடிக்காங்க. இவ ஒரு சொட்டு வாயில வைக்க மாட்டேங்கா. ஆட்டுக்கிடையில போயிப் படுத்துக்கிட்டா. அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சோ அது எனக்கும் ஆவட்டும்னு கெடக்கா.”

டாக்டர் சரோஜா அதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டார். முந்தின நாள் நானே காய்ச்சி, மூடி வைத்து ஆற விட்டிருந்த தண்ணீரைக் கேனோடு தூக்கிக்கொண்டு நானும் ஏறினேன். அந்தச் சாலை அன்றைக்கு நீண்டுகொண்டே போனது. அவள் செத்துப்போனால் அதற்குக் காரணம் காலரா இல்லை, நான்தான் என்பது மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது.

கிடையில் ஒரு சாக்கின் மேல் மூக்கம்மா சுருண்டு கிடந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. டாக்டர் ஊசியோடு குனிந்தபோது கையை இழுத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். நான்கு நாளைக்கு முன் பார்த்த அதே கூட்டம் படலுக்கு வெளியே நின்றது. நல்லதாயிற்று என்று நினைத்தேன். எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னேன்.

“மூக்கம்மா, அந்தப் பிள்ள நல்லாருக்கு. எந்திரிச்சு உக்காந்து கஞ்சி குடிக்கி. உன் மோருல ஒண்ணும் இல்ல. காச்சின தண்ணில பச்சத் தண்ணி கலந்து எங்க முகாம் தண்ணிதான் கெட்டுப் போச்சு. அதக் கவனிக்காதது நான். உன் மேல பழியப் போட்டதும் நான். என்னைய மன்னிச்சிரு.”

அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்த்தாள்.

“நெசமாவா தாயி? பிள்ள இருக்கா?”

“இருக்கா. உங்களப் பத்தித்தான் கேட்டுக்கிட்டே இருக்கா” என்றார் டாக்டர்.

மூக்கம்மா கையை நீட்டினாள். ஊசி ஏறியது. உப்பும் சர்க்கரையும் கரைத்த டம்ளரை நான் அவள் வாயருகே கொண்டுபோனேன். அவள் வாயைத் திறக்கவில்லை.

“இந்தத் தண்ணிய யாரு காச்சினது?” என்று கேட்டாள்.

“நான்தான். ஆற வச்சதும் நான்தான்.”

“வேற தண்ணி கலக்கலியே?”

“கலக்கல.”

அதன் பிறகுதான் குடித்தாள். மெதுவாக, முழு டம்ளரையும். நான் அதுவரை இப்படி ஒரு விசாரணையில் நின்றதில்லை.

மூக்கம்மா பிழைத்தாள். பழைய ரிப்போர்ட்டை அடித்துவிட்டு ‘முகாம் குடிதண்ணீர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மெமோ வந்தது. வாசுதேவநல்லூருக்கு மாற்றினார்கள். வேலை போகவில்லை. ஹெல்த் ஆபீசர் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை.

பின்னாளில் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். தண்ணீர் கொதித்ததா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கொதித்த பிறகு என்ன செய்தார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். இன்னொன்றும் உண்டு. அதை வகுப்பில் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை, இங்கே சொல்கிறேன். அண்டாத் தண்ணீர் ஆற ஒரு மணி நேரம் பொறுக்க முடியாதவன் நான். ஆனால் அந்தப் பெண்ணை இன்னொருத்தி பெற்ற பிள்ளையைக் கொன்றவளாக்கி, ஒரு பகலும் ஓர் இரவும் ஆட்டுக்கிடையில் கிடக்க வைத்துவிட்டேன்.