உத்திரமேரூர் கரெண்டில் ஓடிய ஏரி

வீடியோ கேம் கம்பெனி நடத்தினோம் என்று இன்று சொன்னால் வீட்டுப் பிள்ளைகள் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள். கம்பெனி என்றால் நானும் என் அண்ணனும்தான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவன் டி.வி. ரிப்பேர் பார்த்த ஒற்றை அறைதான் ஆபீஸ். எண்பதுகளின் நடுப்பகுதி. கணக்கில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, எதைப் பார்த்தாலும் 'இது ஏன் இப்படி?' என்று கேட்டு நான் எல்லோரையும் பேஜார் பண்ணிக்கொண்டிருந்த காலம்.

மெட்ராஸ் பொருட்காட்சியில் காசு போட்டு ஆடும் பெட்டி ஒன்றை அண்ணன் பார்த்துவிட்டு வந்தான். வெளிநாட்டுச் சரக்கு, ராக்கெட் சுடும் ஆட்டம். அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"உள்ள ஒண்ணும் மாயமில்லடி. ஒரு சிப்பு, அதுக்கு எவனோ எழுதி வச்ச கணக்கு. சிப்ப நான் பாத்துக்கறேன், கணக்க நீ எழுது" என்றான்.

அதுவரை யாரும் எனக்கு இவ்வளவு நல்ல வரன் கொண்டுவந்ததில்லை.

ராக்கெட் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அதற்குப் பதில் ஏரி வைத்தோம். மழை கொட்டக் கொட்ட நீர் ஏறும். கரை உடைவதற்குள் மதகைத் திறக்க வேண்டும், அதிகம் திறந்தால் வயல் முழுகிவிடும். நடுவில் ஏரி, இடது ஓரத்தில் மதகு. திரையில் துளி இடம்கூட வீணாகக் கூடாது என்று கடைசி விளிம்பு வரைக்கும் வரைந்தேன். கஞ்சத்தனம் எங்கள் குடும்பச் சொத்து.

இதற்குள் அண்ணனின் மாமனாருக்குப் பொறுமை போய்விட்டது. வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருந்தவர், ஒரே பெண்ணைக் கொடுத்தவர். ஒருநாள் கடை வாசலிலேயே வந்து நின்றார்.

"இன்னா மாப்ள, பொம்ம காட்டிக்கினு எத்தினி நாளு? மில்லுல உங்க நாற்காலி காலியா கீது."

பொங்கலுக்குள் பெட்டி விற்காவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு மில்லுக்கே வந்துவிடுகிறேன் என்று அண்ணன் வாக்குக் கொடுத்தான். அவர் போன பிறகு சாலிடரிங் கம்பியைக் கையில் பிடித்தபடி சும்மா நின்றான். அவன் மில்லுக்குப் போய்விட்டால் நான் எங்கே போவேன்?

மார்கழியில், ஆட்டப் பெட்டிகள் வைத்திருந்த பொருட்காட்சிக் குத்தகைக்காரரைப் பார்க்க மெட்ராஸ் போனோம். அவரிடம் டி.வி. இருந்ததால் போர்டையும் விசைகளையும் மட்டும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து என் மடியில் ஏந்திக்கொண்டு போனேன். அண்ணன் மாட்டினான். மழை பெய்தது, ஏரி நிரம்பியது, குத்தகைக்காரர் விசையைத் தட்டினார். கரை உடைந்தது. மறுபடி ஆடினார். மறுபடியும் உடைந்தது.

"மதகு மதகுன்றீங்களே, அது எங்கம்மா கீது?"

பார்த்தேன். மதகைக் காணோம். திரையின் இடது ஓரம் வெறும் தண்ணீர்.

அவமானத்தில் காது சுட்டது. ஆனால் அதோடு கூடவே அந்தப் பாழாய்ப்போன 'ஏன்' வந்துவிட்டது. என்ன வித்தியாசம்? அவருடைய டி.வி.யில் படம் கண்ணாடி முழுக்க நிறைந்திருந்தது. எங்கள் கடையில் படத்தைச் சுற்றி எப்போதும் விரல் அகலத்துக்குக் கறுப்பு இருக்கும். எங்கள் ஊரில் பம்பு செட்டுகள் ஓட ஆரம்பித்தால் கரெண்ட் இறங்கும், படம் சுருங்கும். டி.வி. என்றாலே அப்படித்தான் என்று இருந்துவிட்டோம். முழு கரெண்டில் டி.வி.யின் சட்டத்துக்குப் பின்னால் மறைய வேண்டிய ஓரமெல்லாம் எங்களுக்குக் கண்முன்னே தெரிந்தது. அங்கே போய் மதகைக் கட்டியிருக்கிறேன்!

டி.வி.க்குப் பக்கத்தில், கரெண்டை ஏற்றி இறக்கக் கையால் திருகும் ஸ்டெபிலைசர் இருந்தது. யாரையும் கேட்காமல் அதைக் குறைத்தேன். படம் நாலு பக்கமும் சுருங்க, இடப்பக்கத்திலிருந்து மதகு மெல்ல எட்டிப் பார்த்தது. அண்ணன் "ஐயய்ய" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். குத்தகைக்காரர் குலுங்கிச் சிரித்தார்.

"அதுக்கு? பொருட்காட்சி முச்சூடும் உங்க ஊரு கரெண்ட்ட எடுத்தாந்து ஊத்துவியா? ஆட்டம் ஷோக்கா கீது. படத்த உள்ள தள்ளிக்கினு பொங்கலுக்கு முன்ன வா, எடுத்துக்கறேன்."

உள்ளே தள்ளுவது என் வேலை, ஒரு வாரம் உட்கார்ந்தால் ஆகிவிடும். ஆனால் சரியாக வந்ததா என்று பார்க்க முழு கரெண்ட் வேண்டுமே? ஸ்டெபிலைசரை எவ்வளவு திருகினாலும் எங்கள் ஊரில் இரவோ பகலோ அதற்கு வழியே இல்லை. திரும்பி வரும் வழியில் பஸ் வாலாஜாபாத்தில் நின்றது. அண்ணன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்தான். மாமனார் மில்லுக்கென்றே தனி டிரான்ஸ்பார்மர் நின்றது.

"அங்க ஃபுல்லா கீதுடி" என்றான், பல்வலிக்காரன் டாக்டர் வீட்டைக் காட்டுவது போல.

போனோம். மாப்பிள்ளை மில் படியேறியதைப் பார்த்து மாமனாருக்கு வாயெல்லாம் பல். பின்னாலேயே டி.வி. இறங்கியதும் முகம் மாறியது. ஆனாலும் இல்லையென்று சொல்லவில்லை. அண்ணன் ஆபீஸ் அறைத் தரையில் கடையை விரித்தான். நான் இடம் தேடி, மேசைக்குப் பின்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து எண்களை மாற்றிக்கொண்டிருந்தேன். மதகு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. உமி படிந்த தலையோடு வாசலில் நின்று பார்த்த மாமனார், கடைசியில் பொறுக்க முடியாமல் விசையைக் கேட்டு வாங்கினார். கரையை உடைத்தார்.

"அட ச்சே! இன்னொரு வாட்டி வுடுங்க மாப்ள."

பொங்கலுக்கு முன்பே பெட்டி விற்றது. ஆனாலும் உத்திரமேரூர் கடையைப் பூட்டிவிட்டோம், நல்ல கரெண்டை விட்டுவிட்டு எங்கே போவது? அதன் பிறகு கம்பெனி அந்த மில் அறையில்தான் நடந்தது. யார் கேட்டாலும், "மாப்ள மில்லுலதான் கீறாரு" என்பார் மாமனார் பெருமையாக. பொய்யில்லை. அண்ணன் கடைசிவரை தரையில்தான் உட்கார்ந்து வேலை பார்த்தான். மாப்பிள்ளைக்கென்று அவர் காலியாக வைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் அடுத்த ஆட்டத்தை எழுதினேன். எழுந்திரு என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை.