கலியாணக் கண்காட்சிக்கு அம்மாவைக் கூட்டிப்போன கதை

கண்காட்சிக்குப் போகிற ஒருவர் கையில் என்ன கொண்டுபோவார்? குடை, தண்ணீர்ப் போத்தல்... மிஞ்சினால் ஒரு பை. என் அம்மா ஒரு டின் முறுக்குக் கொண்டுபோனார்!

போன ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பு டவுனில் கலியாணக் கண்காட்சி. மணவறைக்காரர், கேக்குக்காரர், கமராக்காரர், கூறைச்சேலைக் கடைக்காரர் எல்லோரும் ஒரே மண்டபத்துக்குள். நோட்டீஸைப் படித்துவிட்டு வாய் பிளந்து நின்றேன். பொழுது சாய முன்னமே கடைகளை இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிய ஊர் இது. சண்டை முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் கண்காட்சியா?

எனக்கு ஆவணியில் கலியாணம். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அது தெரியும் – சொல்லிச் சொல்லியே உங்களை அலுப்படித்திருக்கிறேன். மாப்பிள்ளை மண்டூர்க்காரர். அவரோடு போவதாகத்தான் இருந்தது. கடைசி நேரத்தில் போன் வந்தது. அவருடைய வயல் கிடக்கிற வட்டைக்கு நெல் வெட்டுகிற மெஷின் வந்துவிட்டதாம், இப்போது விட்டால் திரும்பக் கிடைக்காதாம். அம்மாவைக் கூட்டிப்போங்களன் என்றார்.

அம்மாவையா? கலியாணம் என்ற சொல் கேட்டாலே அடுப்படிக்குள் போய்விடுகிற அம்மாவையா?

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் அப்பாவை நான் கடைசியாகப் பார்த்தபோது எனக்கு ஏழு வயது. அப்போது கல்குடாவில் இருந்தோம். வாழைச்சேனைக்குச் சாமான் வாங்கச் சைக்கிளில் போனவர் திரும்பி வரவில்லை. யார் மறித்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள் – இருபது வருடமாக ஒரு தகவலும் இல்லை. அம்மா ஏறி இறங்காத முகாம் இல்லை.

பொட்டை அவர் அழிக்கவில்லை. ஆனால் கலியாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். போனால் ஆரத்தி எடுக்க அவரைக் கூப்பிடுவதா, விடுவதா என்று வீட்டுக்காரர்கள் முழிப்பார்கள். அந்தச் சங்கடத்தை அவர்களுக்கு ஏன் கொடுப்பான் என்பார்.

பிறகு சுனாமி. கல்குடா வீட்டை அடியோடு கொண்டுபோனது. அப்பாவின் ஒரே போட்டோவும் அதோடு போனது. நாங்கள் செங்கலடிக்கு வந்து சேர்ந்தோம். புறப்படுகிற அன்று அம்மா என்ன செய்தார் தெரியுமா? மிஞ்சி நின்ற ஒவ்வொரு வீட்டுக்கும் போனார், சந்திக் கடைக்கும் போனார். இவர் வந்து கேட்டால் செங்கலடியில் இருக்கிறோம் என்று சொல்லுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தார். மாற்றிக் கட்ட ஒரு சேலை இல்லாத நேரத்தில் அதுதான் அவருக்கு முதல் வேலை. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

எனக்கு அந்த நம்பிக்கை எப்போதோ போய்விட்டது. அதை அம்மாவிடம் சொல்லத்தான் வாய் வந்ததில்லை.

இப்போது சொல்லியே ஆகவேண்டிய கட்டாயம் வந்தது. மாப்பிள்ளையின் அக்கா நல்லவர், மனதில் ஒன்றும் இல்லாதவர். கார்ட் அடிக்கிற பேச்சு வந்தபோது என்னைத் தனியே கூப்பிட்டார். அப்பா பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போட்டுவிட்டால் நல்லது என்றார். போடாவிட்டால், தகப்பன் எங்கே, ஏன் மணவறைக்கு வரவில்லை என்று வருகிற சனமெல்லாம் கேட்கும். போட்டுவிட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அப்பா அம்மாவின் இடத்தில் நின்று என் தாய்மாமாவும் மாமியும் என்னைத் தாரை வார்த்துக் கொடுப்பார்கள், காரியம் ஒழுங்காக நடக்கும்...

நியாயமான பேச்சு. அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது! மாப்பிள்ளையிடம் கொட்டித் தீர்த்தேன். உங்கள் அம்மா சொல்கிறபடி செய்வோம் என்றார். நெஞ்சு குளிர்ந்து முடிவதற்குள், “ஆனா அக்காட்ட நீங்களே சொல்லிருங்க” என்றார். வீரர்!

கண்காட்சியில் கார்ட் அடிப்பவர்களும் இருப்பார்கள். அங்கே, கார்ட் பார்க்கிற சாக்கில், அம்மாவிடம் அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். ஆட்கள் நிறைந்த இடத்தில் அவர் அழமாட்டார், நானும் அழமாட்டேன் என்று ஒரு கணக்கு.

முதலில் அவரைக் கிளப்ப வேண்டுமே. அது கலியாணம் இல்லை அம்மா, கடை மாதிரி என்று விளக்கினேன். ஐயர் வருவாரா என்று கேட்டார். இல்லை. ஆரத்தி எடுப்பார்களா? இல்லை. யாராவது யாருக்காவது தாலி கட்டுவார்களா? இல்லவே இல்லை.

“அப்ப வாறன்.”

அதற்குப் பிறகு வீட்டில் நடந்த ஆயத்தத்தைப் பார்த்திருக்க வேண்டும்! வியாழக்கிழமையே கலண்டரை எடுத்து ஞாயிறு இராகுகாலம் பார்த்தாயிற்று. வெள்ளிக்கிழமை மா வறுத்தார். சனிக்கிழமை முறுக்குச் சுட்டார். எதற்கு அம்மா இது, அவர்கள் வியாபாரிகள் என்றேன். கலியாணச் சாமான் பார்க்கப் போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போகிறதா என்று என்னைத் திட்டினார். பெட்டிக்கு அடியில் கிடந்த மயில்கழுத்து நிறச் சேலை வெளியே வந்தது. கொண்டைக்குப் பூ வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் அவரே வைத்துக்கொண்டு நிற்கிறார்.

நானோ என் சேலையைக்கூட ஒழுங்காக மடிக்கவில்லை. கேட்க வேண்டியதைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

மண்டபத்துக்குள் கால் வைத்ததும் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். வெள்ளை ரெஜிபோம் அட்டையில் வெட்டிச் செய்த மணவறை, அதன் இரண்டு பக்கமும் தோகை விரித்த மயில். என்னைவிட உயரமான கேக். ஏசிக் குளிரில் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அதைவிட அதிசயம் சனம். எங்கே பார்த்தாலும் கலியாணப் பெண்கள்! என் வயதுக்காரிகள். ஷெல் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழே படுத்தவர்கள், கடல் வந்த அன்று மரத்தைப் பிடித்துத் தொங்கியவர்கள்... அவர்கள்தான் அங்கே நின்று ரோசாப்பூ மாலையா, மல்லிகை மாலையா என்று சண்டை பிடிக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஊருக்கு இவ்வளவு ஆசை இன்னும் மிச்சம் இருந்ததா?

அம்மா கடை கடையாக முறுக்குக் கொடுத்துக்கொண்டு வந்தார். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கார்ட் கடைக்காரர் நடுவயதுக்காரர். வாயில் முறுக்கோடு கம்பியூட்டரைத் திறந்து, மாதிரிக்கு ஒன்று இலவசமாக அடித்துத் தருகிறேன் என்றார். என் பெயர், மாப்பிள்ளை பெயர் எல்லாம் போட்டாயிற்று. அப்பாவின் பெயரை அம்மா சொன்னார். நான் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் கடைக்காரரே கேட்டுவிட்டார்.

“அப்பா இரிக்காரா அம்மா? இல்லாட்டி முன்னுக்குக் காலஞ்சென்ற எண்டு போடணும்.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை.

“இரிக்கார். பேரை மட்டும் போடுங்க.”

அவ்வளவுதான். கடைக்காரர் அப்படியே அடித்தார். அம்மா கார்டை வாங்கி, இரண்டு தரம் வாசித்துவிட்டுப் பைக்குள் வைத்தார். நான் கேட்க வந்ததைக் கேட்கவே இல்லை. கேட்க இனி என்ன இருக்கிறது?

சரி, போவோம் என்று நான் வாசல் பக்கம் திரும்பினால் அம்மா வேட்டி சேட் விற்கிற கடையில் நிற்கிறார். மாப்பிள்ளைக்குப் பார்க்கிறார் என்று நினைத்தேன். இல்லை. பெண்ணின் தகப்பனுக்கு வெள்ளைச் சேட் வேண்டும், கழுத்து பதினைந்தரை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கடைக்காரர் ஒன்றை எடுத்து விரித்தார். பிறகு மாற்ற ஏலாது, அளவு சரிதானா என்று கேட்டார். அம்மா சேட்டைத் தோள் பக்கமாகப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

“இது அப்பத்தைய அளவு தம்பி. இப்ப மெலிஞ்சிருப்பார். ஒண்டு குறைச்சு எடுங்க.”

ஏழு வயதில் பார்த்த அப்பாவை நான் அப்படியே வைத்திருந்தேன். அம்மாவோ இத்தனை வருடமும் அவர் சாப்பிட்டாரா, மெலிந்தாரா, நரைத்தாரா என்று நாள்தோறும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தக் கூட்டத்துக்குள் அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

மாப்பிள்ளையின் அக்காவுக்கு அன்றைக்கே போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றார்.

கார்ட் அப்படியே அச்சாகிறது. பார்த்துவிட்டு யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டும்போல் இருந்தால் என்னிடம் வாருங்கள், அம்மாவிடம் போகவேண்டாம்!